மூன்றாவது கிளை

…இன்னும் பதினெட்டு நிமிஷம், பார்த்துக்கொண்டே இருந்தால் கோடு சீக்கிரம் எழும்பிவிடுமா என்ன, அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள், கண் மட்டும் திரையை விட்டு வரவில்லை. லேபில் ரத்தம் பரிசோதிக்கும் இயந்திரம் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது, பன்னிரண்டு வருஷமாகக் கேட்கிற சத்தம், சில மத்தியானங்களில் அது ஆளைத் தண்ணீருக்கடியில் இருத்திவிடும்… உள்ளே ஓடுவது தங்கையின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்தது. குழாயின் மேல் பெயர் இல்லை, எண்தான், ஆனால் டாக்டர் போனிலேயே சொல்லிவிட்டார், "உங்க தங்கச்சியோடதும்மா, நீங்களே பாத்துடுங்க, வேற யார்கிட்டயும் குடுக்க மனசு வரலை." அவருக்கு மனசு வரவில்லையாம். எனக்கு மட்டும் வந்துவிடுமா?

தங்கைக்குக் கர்ப்பம் என்று வீடே துள்ளியது, ஸ்கேனில் பார்த்தால் பிள்ளை இல்லை, கருப்பை நிறைய நீர்க்கொப்புளங்கள், முத்துப்பிள்ளை என்றார்கள், எவ்வளவு அழகான பெயரை எதற்குப் போய் வைத்திருக்கிறார்கள்… சுத்தம் செய்தாகிவிட்டது. அப்புறம் வாராவாரம் ரத்தம் எடுத்து, கர்ப்ப ஹார்மோன் இறங்குகிறதா என்று பார்த்தார்கள், இறங்கியது, இறங்கியது, போன வாரம் நின்றது, இந்த வாரம் ஏறியும்விட்டது. புதுக் கர்ப்பம் இல்லை என்று ஸ்கேனும் சொல்லியாகிவிட்டது. பின்னே எது சுரக்கிறது? ஹார்மோன் ஒன்றுதான், அதன்மேல் ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகள்தான் வேறு வேறு. சாதாரண வகையில் சங்கிலி பெரும்பாலும் இரண்டு கிளையாகப் பிரியும், இன்னொன்றில் மூன்றாவதும் முளைத்து, சர்க்கரை கனத்துக் கிடக்கும். இரண்டு கிளை வகையே அதிகம் என்றால் பழைய மிச்சம், பொறுத்துப் பார்க்கலாம். மூன்று கிளை வகை என்றால், தங்கிவிட்ட செல்கள் உள்ளே இன்னும் புற்றுபோல வேர் விடுகின்றன.

வேர் விடுகின்றன… நல்ல கர்ப்பத்திலும் முதல் சில வாரங்கள் அதுதானே நிறைய வரும், கரு சுவரைப் பற்றிக்கொள்ளும் நாட்களில், அதே சர்க்கரை, அதே கிளை, எது பிள்ளை எது பிள்ளையில்லை என்று அதற்கு என்ன தெரியும்? நாலு வருஷம் முன்பு, எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், தன் ரத்தத்தைத் தானே எடுத்து இதே இயந்திரத்தில் ஓட்டினாள், ஐந்து நாள் தள்ளிப்போயிருந்தது, கணவனிடம்கூட மூச்சு விடவில்லை. கோடு அசையவே இல்லை. சாயங்காலம் அவன், "என்ன, ஒரு மாதிரி இருக்கே?" என்றதற்கு, "மெஷின் மக்கர் பண்ணுச்சு" என்றாள். பாவம், மெஷின்.

எழும்புகிறது. முதலில் சின்ன மேடு, இரண்டு கிளைக்காரன், அப்புறம் சரியாக வரவேண்டிய நிமிஷத்தில் மற்றது, மேலே, இன்னும் மேலே, ஒரு நடுக்கமில்லாமல்… என்ன அழகு என்று நினைத்தாள். நினைத்த பிறகுதான் யாருடையது என்று உறைத்தது. மறுபடி ஓட்டினாள். அதேதான். டாக்டருக்கு அனுப்பினாள், அவர் உடனே கூப்பிட்டார், "இது மருந்துக்கு நல்லா கேக்கும்மா, பயப்படாதீங்க, திங்கக்கிழமையே ஆரம்பிச்சுடலாம். நீங்களே சொல்லிடுறீங்களா?"

தங்கை முதல் மணியிலேயே எடுத்தாள்.

"சொல்லுக்கா."

"ரிசல்ட் வந்துடுச்சுடி. நமக்கு அந்தச் சர்க்கரை கூடுன வகைதான். ஊசி போட்டா சரியாயிடும், டாக்டர் அடிச்சுச் சொல்றார்."

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது, யாரோ நிறுத்தினார்கள்.

"நமக்கா?" தங்கை சிரித்தாள், மூக்கடைத்த சிரிப்பு. "அப்போ பாதி ஊசிய நீ போட்டுக்கிறியா?"

"போட்டுக்கிறேன்டி."

"லூசு… திங்கக்கிழமை கூட வா, அது போதும்."

வருகிறேன் என்றாள், வராமல் எங்கே போகப்போகிறாள், லீவு சொல்ல வேண்டும், டாக்டரிடம் எத்தனை ஊசி என்று கேட்க வேண்டும்… நமக்கு என்று எப்படி வாயில் வந்தது? பாசம்தான், வேறென்ன, கூடப் பிறந்தவளிடம் அப்படித்தானே வரும், "நமக்குத் தலைவலி" என்றுகூடச் சொல்லியிருக்கிறாள். ஆனால் அந்தச் சொல்லில் நாக்கு ஒரு கணம் கூடுதலாகத் தங்கியது அவளுக்குத் தெரியும், இனிப்பாகக்கூட இருந்தது. தனக்கென்று எழும்பாத அந்தக் கோட்டில், இந்தக் கெட்டதிலாவது, தனக்கும் கொஞ்சம் பங்கு என்று… சீ, அப்படியும் இருக்குமா ஒருத்திக்கு?