இடது பின்கதவு

காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். மோட்டார் போட்டேன். தொட்டி நிரம்ப இருபது நிமிடம். அதற்குள் பல் தேய்த்து, பால் பாக்கெட்டை வெட்டிக் காய்ச்சி, டீ குடித்தேன். மோட்டாரை நிறுத்தினேன். வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தேன். கோலம் போடத் தெரியாது. குளித்தேன். நேற்றைய மாவில் நான்கு இட்லி. பிறகு பழைய பனியனை நனைத்துப் பிழிந்து காரைத் துடைத்தேன். முன் கண்ணாடி, பானெட், வலது பக்கம், டிக்கி. கடைசியில் இடது பின்கதவு.

கொப்புளம் பெரிதாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மிளகளவு இருந்தது. இன்று செவ்வாய், சுண்டைக்காய் அளவு. பக்கத்தில் புதிதாக மூன்று. நகத்தால் அழுத்தினேன். தோல் கிழிந்து ஒரு சொட்டுத் தண்ணீர் வந்தது.

பெயிண்ட் அடித்து இருபது நாள்தான் ஆகிறது.

நான் ஒரு பாட்டில் மூடிக் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டில் இருக்கிறேன். எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு நாள் முழுக்க மூடி பார்க்கிறேன். ஆயிரத்தில் ஒன்று கோணலாக வந்தாலும் கண்ணில் படும். ஆனால் இந்தக் கதவின் லட்சணத்தைப் பார்க்க எந்தப் படிப்பும் வேண்டாம். கார் வெள்ளி நிறம். கதவு மட்டும் பழைய அலுமினியக் குண்டான் நிறம். பெயிண்டுக்குள் ஒரு கொசு, கால்களைப் பரப்பிக்கொண்டு, அப்படியே உறைந்து கிடந்தது.

வெள்ளிக்கிழமை என் மாமனார் காரை எடுத்துப் போக வருகிறார். பெயர் குழந்தைவேல், ஏம்பலத்தில் கரும்பு வைத்திருக்கிறார். கல்யாணத்துக்கு அவர் கொடுத்த கார். எழிலரசி செத்து மூன்று மாதம் முடிந்துவிட்டது. குழந்தை இல்லாமல் பெண் போய்விட்டால் சீர் திரும்பிப் போக வேண்டும் என்பார்கள் எங்கள் பக்கத்தில். நகையும் பீரோவும் முப்பதாம் நாளே போயின. கட்டிலை மட்டும் விட்டுவிட்டார்கள்.

கார் போகட்டும். அதில் எனக்கு ஒன்றுமில்லை. அதில் அடி பட்டிருந்தது அவருக்குத் தெரியக் கூடாது; பெயிண்ட் அடிக்கும் வரை அந்தப் பக்கத்தைச் சுவரை ஒட்டி நிறுத்தி மறைத்திருந்தேன். அது எழில் வைத்த அடி.

சாவியைக் கொடுத்த அன்றே அவர் மண்டபத்தில் எல்லார் முன்னாலும் சொன்னார். "வண்டி மாப்ளைக்கு. நீ ஸ்டேரிங்கைத் தொட்ட, அவ்ளோதான். சைக்கிள்லயே ரெண்டு தடவ வாய்க்கால்ல வுழுந்தவ." மண்டபமே சிரித்தது. எழிலும் சிரித்தாள். அடுத்த மாதம் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். லைசென்ஸ் வாங்கினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகப் பாகூர் வரை போய்த் திரும்பி வந்து, எங்கள் வீட்டு வாசலிலேயே, கேட்டின் கல்தூணில் கதவைக் கொண்டுபோய் இடித்தாள். திங்கட்கிழமை அவளுக்குக் காய்ச்சல் வந்தது.

வில்லியனூரில் ரயில்வே கேட்டைத் தாண்டினால் ஓர் அரிசி ஆலை. அதன் புகைபோக்கியிலிருந்து உமிக் கரி எந்நேரமும் பறக்கும். அதற்கு நேர் கீழே தகரக் கொட்டகை போட்டு, கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கலாம் என்று ஒரு மனிதன் முடிவு செய்திருக்கிறான். பெயர் பாக்யராஜ். சுவரில் மாதா படம் மாட்டியிருக்கிறான். அதன் கண்ணாடியிலும் சில்வர் தூறல்.

"வாங்க சார். இன்னா சார், பாலிஷா?"

"கதவைப் பாருங்க."

குனிந்து பார்த்தான். மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தான்.

"வெயில் சார்."

"உள்ள தண்ணி இருக்கு."

"மழை பேஞ்சிச்சில்ல சார்."

"வெயிலா, மழையா?"

"ரெண்டும்தான் சார் மாத்தி மாத்தி அடிக்குது."

"இது?" கொசுவைக் காட்டினேன்.

"அது அதுவா வந்து வுழுந்துடுச்சி சார். சின்னதுதான்."

"இது?"

கதவின் கீழ் ஓரத்தில் பேப்பரை மறைப்பாக ஒட்டி, பெயிண்ட் காய்வதற்குள் பிய்த்திருக்கிறான். அச்சு மை கதவில் இறங்கியிருந்தது. இடவலம் மாறிய எழுத்தில் ஏதோ போர்வெல் விளம்பரம். தண்ணீருக்கு உத்தரவாதம் என்பதுவரை படிக்க முடிந்தது.

"அவ்ளோ கிட்ட போயி யாரு சார் படிக்கப் போறா?"

"என் மாமனார் வரார். வெள்ளிக்கிழமை."

அதற்கு மட்டும் அவன் முகம் மாறியது. மாமனார் என்றால் அவனுக்கும் புரிகிறது. "அப்டின்னா வுடுங்க. மொத்தமா எறக்கிட்டுப் புதுசா அடிச்சித் தரேன். வெள்ளிக்கிழம காலையில வாங்க. உங்க மாமனாரு அந்தக் கதவுல மூஞ்சி பாத்து மீசை முறுக்கலாம்."

சுரண்டியை எடுத்துக் கீறினான். பெயிண்ட் தோலாக உரிந்தது. கீழே பட்டி. சாம்பல் நிறத்தில், ஈரமாக, விரல் தடிமனுக்கு. ஒரு பெரிய துண்டு பெயர்ந்து விழுந்ததும் தகரம் தெரிந்தது. பள்ளம் அப்படியே இருந்தது. அவன் ஒரு தட்டுக்கூடத் தட்டவில்லை. பள்ளத்தின் மேல் பட்டியைக் குழைத்து ரொப்பி, வழித்து, மேலே வண்ணம் பூசியிருக்கிறான்.

கல்தூணின் முனை பட்ட இடம். கையை வைத்துப் பார்த்தேன். தகரம் சூடாக இருந்தது.

"தட்டவே இல்லையா?"

"தட்டினா ஒரு நாள் ஆவும் சார். பட்டின்னா ஒரு மணி நேரம்." கூச்சமே இல்லாமல் சொன்னான். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க ஆரம்பித்தான். "மேடம் நல்லாருக்காங்களா? கேட்டேன்னு சொல்லுங்க. இனிமே கல்தூணைல்லாம் கட்டிப்புடிக்க வேணாம்னு சொல்லுங்க."

வண்டியை முதலில் கொண்டுவந்தபோது, யார் இடித்தது என்று கேட்டான். என் மனைவி என்றேன். "அதான பாத்தேன், லேடீஸ் கை," என்று சிரித்தான். அவள் இல்லை என்று அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் முகத்தைத் தொங்கப் போடுவான். அந்த முகத்தையும் நான் பார்க்க வேண்டியிருக்கும். மூன்று மாதமாகப் பார்த்துவிட்டேன்.

"சொல்றேன்," என்றேன்.

பஸ் பிடித்து வேலைக்குப் போனேன். மூடி பார்த்தேன்.

புதன்கிழமை மாமியார் கனகாம்பாள் போன் செய்தார். கார் வரும் நாளை உறுதி செய்யத்தான். ஆனால் அழுகையில் தொடங்கினார். "சாவுற நேரத்துலயும் அவ உங்களத்தான் நெனச்சா. 'அவர தனியா வுட்டுடாதீங்கம்மா'ன்னு சொல்லிட்டுத்தான் கண்ண மூடுனா." இதை அவர் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். பதினாறாம் நாள் பந்தியில்கூடச் சொன்னார், பாயசம் பரிமாறிக்கொண்டே. கேட்டவர்கள் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். எழில் கண்ணை மூடியபோது அவள் வாயில் குழாய் இருந்தது. மாமியார் அப்போது ஏம்பலத்திலிருந்து ஆட்டோவில் வந்துகொண்டிருந்தார். நான் திருத்தவில்லை. அவருக்கு அந்த வாக்கியம் தேவைப்படுகிறது போலிருக்கிறது. வைத்துக்கொள்ளட்டும்.

வெள்ளிக்கிழமை எட்டரைக்கே கடைக்குப் போனேன். கதவு பளபளவென்று இருந்தது. அதற்கு எதிரே ஒரு டேபிள் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

"எப்ப அடிச்சீங்க?"

"காலையில அஞ்சு மணிக்கு சார். நேத்து கரண்ட் இல்ல. கம்ப்ரஸர் ஓடல."

"செவ்வாய்க்கிழமையும் புதன்கிழமையும் கரண்ட் இருந்ததே."

"அப்ப மாவு மில்லுக்காரரு வண்டி வந்துடுச்சி சார். அவசரம்னாரு."

"தட்டினீங்களா?"

அவன் ஃபேனைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தான். அதுதான் பதில். நான் அவனை ஏதாவது சொல்லியிருப்பேன். அதற்குள் வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. மாமனார் இறங்கி, கூட வந்த டிரைவரை டீ குடிக்க அனுப்பினார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு.

"இன்னா மாப்ள, வூட்டுக்குப் போனேன், பூட்டிக் கெடக்குது. எதிர்வூட்டு அமுதம்தான் சொல்லிச்சி, வண்டி வில்லியனூர்ல பெயிண்ட் கடையில நிக்குதுன்னு."

எங்கள் தெருவில் ஒரு கார் மூன்று நாள் இல்லாவிட்டால் அது எங்கே இருக்கிறது என்று அமுதத்துக்குத் தெரியும். எழிலை ஆம்புலன்ஸில் ஏற்றியபோதும் அவர்தான் முதலில் வெளியே வந்து நின்றார். கையில் முறம் வைத்திருந்தார்.

மாமனார் காரைச் சுற்றி வந்தார். மாட்டுச் சந்தையில் நடப்பதுபோல் நடந்தார். ஒவ்வொரு கதவையும் விரல் முட்டியால் தட்டினார். முன்கதவு கணீரென்றது. வலது பின்கதவு கணீரென்றது. இடது பின்கதவு சுவரைத் தட்டியதுபோல் செத்த சத்தம் கொடுத்தது. மறுபடி தட்டினார். பிறகு கட்டைவிரலை வைத்து அழுத்தினார். எடுத்தபோது ரேகை அப்படியே கதவில் பதிந்திருந்தது.

"யோவ்," என்றார் பாக்யராஜிடம், விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டே. "இது எம்பொண்ணுக்குக் குடுத்த வண்டி. அவ போயி மூணு மாசம் ஆவுது. இத யாரு இடிச்சது?"

பாக்யராஜ் துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். துணி நின்றுவிட்டது. என்னைப் பார்த்தான். செவ்வாய்க்கிழமை அவன் சொன்னதெல்லாம் அவனுக்கு ஞாபகம் வருவது தெரிந்தது.

"நான்தான் மாமா," என்றேன். "வாசல்ல திருப்பறப்போ."

மாமனார் என்னைப் பார்க்கவில்லை. "நான் அவரக் கேக்கல. உன்னக் கேக்கறேன். உண்மையச் சொல்லு."

ஆலையிலிருந்து ஒரு கரித்துகள் மிதந்து வந்து கதவில் ஒட்டிக்கொண்டது.

"சார்தாங்க," என்றான் பாக்யராஜ். "மொத நாளே சொன்னாரு. போன் பேசிக்கிட்டே ரிவர்ஸ் எடுத்துட்டேன்னு. நான்கூடத் திட்டினேன்."

போன் விஷயம் அவனாகச் சேர்த்தது. ஒரு கதவை ஒழுங்காகப் பண்ணத் தெரியாதவன் இதைத் துளி வழியாமல் பூசினான். மாமனார் நம்பிவிட்டார்.

"போன் பேசிக்கிட்டு." தலையை ஆட்டினார். "படிச்ச மாப்ளன்னு பாத்துக் குடுத்தேன். எம்பொண்ணு ஓட்டிடுவாளோன்னு பயந்தேன். அவ ஓட்டியிருந்தாக்கூட வண்டி நல்லா இருந்திருக்கும்." துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு, "வண்டியும் குடுத்தேன், பொண்ணையும் குடுத்தேன். ரெண்டுத்தையும் பாத்துக்கத் தெரியலியே மாப்ள," என்றார்.

கத்தவில்லை. நிதானமாகத்தான் சொன்னார். நான் சாவியைக் கொடுத்தேன்.

டீக்கடையிலிருந்து டிரைவரைக் கூப்பிட்டுக் காரை எடுக்கச் சொன்னார். ஏறப் போனவர் முன்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உங்க அத்த சொல்றது எனக்குத் தெரியும். அவ அங்க இல்லவே இல்ல. நீங்கதான் இருந்தீங்க. கடைசியா இன்னாதான் சொன்னா எழிலு?"

முதல் முறையாக ஒருவர் அதை உண்மையாகவே கேட்டார். அவர் கண் என் முகத்திலேயே இருந்தது. சொல்லியிருந்தால் அவர் சிரித்துக்கூட இருப்பார். பிறகு மீதி ஆயுள் முழுக்க அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"ஒன்னும் சொல்லல மாமா. பேச முடியல அவளால."

"ம்," என்றார். ஏறிக்கொண்டார்.

கார் ரயில்வே கேட்டைத் தாண்டும் வரை இடது பக்கம் தெரிந்தது. வெயிலில் அந்தக் கதவு மட்டும் தனியாக வேறு நிறத்தில் போனது. பாக்யராஜ் பக்கத்தில் வந்து நின்று, "சார்," என்றான். அந்த முகத்தோடுதான் நின்றான். ஃபேனை அணைக்கச் சொன்னேன்.

வீட்டில் ஆள் இருந்தால் எழில் என்னை 'ங்க' போட்டுப் பேசுவாள். யாரும் இல்லாவிட்டால் 'பா'. அன்று ஆஸ்பத்திரியில் டெங்கு என்று சொல்லிவிட்டார்கள். ஐ.சி.யூ. கதவுக்கு முன்னால் ஸ்ட்ரெச்சரை ஒரு நிமிடம் நிறுத்தினார்கள், யாரோ கையெழுத்து வாங்கப் போயிருந்தார்கள். உதடு வெடித்திருந்தது. என்னைக் குனியச் சொல்லி விரலை அசைத்தாள். குனிந்தேன்.

"அப்பா பாக்கறதுக்குள்ள கதவ ரெடி பண்ணிடுப்பா. பாத்துட்டாருன்னா நீதான் இடிச்சேன்னு சொல்லிடு. மாப்ளைய ஒன்னும் சொல்ல மாட்டாரு."