இடது பக்கம்

சபரிநாதனின் தட்டில் கேட்காமல் எதையும் வைத்துவிட முடியாது. அவர்கள் வீட்டில் அது பழைய வேடிக்கை. அவன் டிவி பார்த்துக்கொண்டிருப்பான். அம்மா வசந்தாமணி எந்தப் பக்கமிருந்து இன்னொரு தோசையை நீட்டினாலும் கை குறுக்கே வந்துவிடும்.

"இந்தத் தட்டுல கோல் போட முடியாது, மணி," என்று அப்பா சேனாபதி சிரிப்பார்.

இரண்டாயிரமாம் ஆண்டு மார்ச்சில், ஹூஸ்டனில், ஹில்குரோஃப்ட் சாலை ஓட்டல் ஒன்றில் மகனைப் பார்க்க வந்திருந்த வசந்தாமணி அவன் இடது பக்கம் உட்கார்ந்திருந்தாள். தன் வடையை எடுத்து அவன் தட்டில் வைத்தாள். கை வரவில்லை.

சந்தோஷத்தில் விட்டுவிட்டான் என்று நினைத்தாள். காலையில்தான் அந்த போன் வந்திருந்தது. நியூ ஜெர்சியின் பெரிய அணியில் ஒருவனுக்குக் கணுக்கால் முறிந்துவிட்டது. அந்த இடத்துக்கு சபரி வர வேண்டும். மாலையில் விமானம், நாளை ஆட்டம்.

ஐஸ் ஹாக்கியை அவன் தொடங்கியதும் நியூ ஜெர்சியில்தான். பக்கத்து வீட்டுப் பையன்களோடு போனான், திரும்பி வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அவனைக் கொண்டுபோய் விடுவதற்காகவே அவள் பனியில் கார் ஓட்டப் பழகினாள். பிறகு சேனாபதிக்கு கலிஃபோர்னியாவின் சன்னிவேலில் வேலை கிடைத்தது. அங்கே பனி இல்லை, ஐஸ் மைதானம் தொலைவில் இருந்தது. அதற்கும் ஓட்டினாள். கல்லூரிக்குப் பின் சின்ன லீக், இப்போது ஹூஸ்டன் அணி. ஊர் ஊராக பஸ், தோளில் தையல், முன்பல் இரண்டு பொய். பெரிய லீக்கில் ஒரு நிமிஷம்கூட ஆடாமல் இருபத்தாறு வயதாகிவிட்டது.

சபரி தலையை முழுதாகத் திருப்பித் தட்டைப் பார்த்தான். "ஹே, இது எப்போ வந்துச்சு?"

அவன் சாம்பாரைக் கிண்டும்போது தன் கையை மெதுவாக அவன் இடது காதருகே தூக்கி, விரல்களை விரித்தாள். பரிமாறுகிறவர் பார்த்தார். அவன் பார்க்கவில்லை.

"சாமி, என்னைப் பாரு."

திரும்பினான்.

"கழுத்தைத் திருப்பாம பாரு."

ஸ்பூனை வைத்துவிட்டான்.

ஜனவரியில் எவனோ வீசிய ஸ்டிக்கின் நுனி இடது கண்ணில் பட்டதாம். வெளிச்சம் தெரியும், அவ்வளவுதான் என்றான்.

"டாக்டர் பார்க்கலையா?"

"பார்த்தார். லெஃப்ட் ஐ க்ளோஸ் பண்ணுன்னார், பண்ணினேன். ரைட்டுன்னார். கையை மாத்தினேன், கண்ணை மாத்தலை."

"அப்புறம் எப்படி ஆடுற?"

"தலையைத் திருப்பித் திருப்பி."

"அது டிஃபென்ஸாடா? கோயில் யானை பண்றது."

அவன் சிரித்தான். அவளால் முடியவில்லை. தற்காப்பு ஆட்டக்காரன் பின்னோக்கியே சறுக்குகிறவன் என்று அவளுக்குத் தெரியும். ஆட்டத்தின் ரப்பர் வட்டோடு வருகிறவனை முன்னால் பார்க்க வேண்டும், இரண்டு தோளுக்கும் அப்பால் யார் வருகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். எத்தனையோ விடியற்காலைகளில், சால்வைக்குள் நடுங்கிக்கொண்டு, அதைத்தான் அவள் பார்த்திருந்தாள்.

"இடது பக்கம் எவனாச்சும் வந்து மோதினா?"

"மோதுவாங்க. அதான் கேம்."

"இன்னொரு கண்ணும் போச்சுன்னா?"

"ஒன் கேம், அம்மா. ஒண்ணே ஒண்ணு. அப்புறம் நானே சொல்லிடறேன்."

"சொல்ல மாட்டே. அடுத்ததுக்கும் இதையேதான் சொல்வே."

"அப்பாகிட்ட சொல்லாதே. ப்ராமிஸ் பண்ணு."

அவள் எழுந்து கை கழுவப் போனாள். சேனாபதி அதற்குள் நியூ ஜெர்சியின் நூவார்க்குக்கு டிக்கெட் எடுத்துவிட்டார். ஆபீஸில் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது.

காரை அவள்தான் ஓட்டினாள்.

விமான நிலைய வாசலில் ஹூஸ்டன் அணியின் ட்ரெய்னர் டாம் ஸ்டிக்குகளோடு காத்திருந்தார். உடம்பு நோவுக்கெல்லாம் கட்டுப் போடுகிறவர். அவளைக் கட்டிக்கொண்டு, நாளைக்கு நான் டிவி முன்னாலிருந்து நகர மாட்டேன் என்றார். சபரியின் முதுகில் தட்டி, "எல்லாம் ஓகேதானே?" என்று கேட்டார்.

"ஃபைன்," என்றான்.

அவ்வளவுதான். அவர்கள் கூட்டத்தில் ஒருவன் ஃபைன் என்று சொன்னால் மறுபடி கேட்பதில்லை. கேட்பது அவமரியாதை. அம்மா ஒருத்தி வந்து இல்லை என்றால் இருவரும் சேர்ந்து சிரிப்பார்கள். அம்மாக்கள் அப்படித்தான் என்பார்கள்.

பையில் பயணத்துக்கு வாங்கிய ஆரஞ்சுகள் இருந்தன. ஒன்றை எடுத்தாள். இருவரும் விமான நேரத்தைப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் சுற்றிவந்து அவன் இடது பக்கம், நாலைந்து அடி தள்ளி நின்றாள். டாம் அவளைப் பார்த்துப் புன்னகைத்தார்.

பெயர் சொல்லி அழைக்காமல் எறிந்தாள்.

பழம் மெதுவாகத்தான் போனது. குழந்தைகூடப் பிடித்திருக்கும். அவன் கன்னத்தில் பட்டு விழுந்து காருக்கடியில் உருண்டது. சபரி அப்போதுதான் திடுக்கிட்டு இடது பக்கம் திரும்பினான்.

டாமின் முகத்தில் புன்னகை இல்லை. அவர் சபரியின் வலது கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடினார். இன்னொரு கையை இடது கண்ணுக்கு நேரே உயர்த்தி, எத்தனை விரல் என்று கேட்டார்.

பின்னால் ஒரு டாக்ஸி ஹாரன் அடித்தது.

"மூணு," என்றான் சபரி.

டாம் எல்லா விரல்களையும் மடக்கி வைத்திருந்தார்.

கொஞ்ச நேரம் அந்தக் கை அப்படியே இருந்தது. பிறகு அவர் செல்போனை எடுத்துக்கொண்டு தூணுக்கு அந்தப் பக்கம் போனார். நியூ ஜெர்சிக்குத்தான் பேசுகிறார் என்று இருவருக்கும் தெரிந்தது.

"நீ வாயால சொல்லியிருக்கலாம்," என்றான் சபரி.

"சொன்னா நம்பியிருப்பாரா?"

"மாட்டார்."

"அதான்."

"இது என் லைஃப், அம்மா. உன்னோடது இல்ல."

"ஆமா, சாமி."

அவள் மன்னிப்புக் கேட்பாள் என்று எதிர்பார்த்தவன் போல நின்றான். அவள் கேட்கவில்லை.

"அப்பாவுக்கு நான் சொல்றேன்," என்றாள்.

"வேண்டாம். நீ பேசாதே. இனிமே என்னைப் பத்தி யார்கிட்டயும் நீ பேசாதே."

பெரிய பையை அவனே தூக்கி டிக்கியில் போட்டான். ஸ்டிக்குகளை எடுக்கவில்லை. பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

போலீஸ்காரர் வந்து காரை எடுக்கச் சொன்னார். அவள் உட்கார்ந்து பெல்ட் போட்டாள். எங்கே போகணும் என்று கேட்டாள். போலீஸ்காரர் விசில் அடித்தார். அவள் காரை நகர்த்தினாள்.