மூன்றை அடித்து ஏழு

“ஜூன் 12. ஒரே ஹீரோ உடைக்கு இரண்டு ரசீது எழுதிவிட்டேன். சின்னத் தவறு.”

நாட்குறிப்பு எழுதப் பழகும் மாலை வகுப்பில், வாடகை உடைக் கடைத் தையல்காரி தன் நோட்டில் இதை எழுதினாள்.

அன்று மாறுவேட விருந்துக்காக, அந்த ஒரே உடைக்கு ஆளுக்கொரு ரசீதோடு வந்தவர்கள் ஓர் அத்தானும் மச்சானும்.

“உன் மூஞ்சிக்கு வில்லன் டிரெஸ்ஸே அதிகம், மச்சான்.”

“எங்கக்கா சம்பளத்துல உக்காந்து தின்னுற உங்களுக்கு ஹீரோ வேஷம் ஒரு கேடா, அத்தான்?”

அவ்வளவுதான். அத்தான் மச்சானின் தலையைப் பிடித்துக் கண்ணாடியில் மோதினான். மூக்கு உடைந்த மச்சான், துணி வெட்டும் கத்தரியை எடுத்து அத்தானின் தோளில் இறக்கினான். மறுபடி ஓங்கியபோது தையல்காரி வில்லனின் கறுப்பு அங்கியை அவன் தலையில் போட்டு, இரும்பு அளவுகோலால் விளாசினாள். மச்சான் மருத்துவமனையில் இன்னும் கண் திறக்கவில்லை.

“மூணு அடிதான் சார், கத்தரிய விடுற வரைக்கும்தான்” என்று போலீஸிடம் சொல்லியிருந்தாள். நோட்டிலும் மூன்று என்றே எழுதினாள். மூன்றாம் அடியில் கத்தரி விழுந்தது உண்மைதான். அங்கிக்குள்ளிருந்து, “விட்ருங்கக்கா” என்ற குரலும் கேட்டது. அதற்குப் பிறகும் அவள் கை நிற்கவில்லை.

மூன்றை அடித்துவிட்டு ஏழு என்று எழுதினாள்.

“நாளை காலை பத்து மணி: காவல் நிலையம் போய், ஏழு என்று சொல்ல வேண்டும்.”