பதினேழாம் பக்கத்துப் பந்தயம்

செந்தமிழனுக்கு வயசு அம்பத்திரண்டு. ஊரு வல்லத்திராக்கோட்டை, கடை புதுக்கோட்டைல. போட்டோவுக்கும் சாமி படத்துக்கும் பிரேம் போட்டுக் குடுக்குற கடை. கண்ணாடி அறுக்கும்போது அவரு கை கொஞ்சங்கூட ஆடாது. ஆனா யாராவது ஒரு பழைய தாள நீட்டி, அதுல கருப்பு மையில வரைஞ்ச படக்கதைப் பக்கம் இருந்துச்சுன்னா போதும், அந்தக் கையி வெடவெடன்னு ஆடும்.

படக்கதைப் புத்தகம் சேக்குறவங்க நெறையப் பேரு இருக்காங்க. இவரு சேக்குறது அது இல்ல. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஓவியர் கையால வரைஞ்சாரு பாருங்க, அந்தத் தாளு. ஒலகத்துக்கே ஒண்ணுதான் இருக்கும். அழிச்சும் அழியாத பென்சில் கோடு தெரியும். தப்பான எடத்துல வெள்ள மை பூசுனது தெரியும். பேசுற வார்த்தைய வேற தாள்ல எழுதி வெட்டி ஒட்டியிருக்கது தெரியும். ஒரு பக்கத்துல ஓவியர் வச்ச டீ கிளாஸோட வட்டங்கூட இருக்கு. அச்சடிச்சதுல இதெல்லாம் வருமா.

அதுலயும் அவருக்கு உசுரு ஒரே கதைதான். 'பாறைத்தீவுப் பூட்டு'. முப்பத்திரண்டு பக்கம். வரைஞ்சது குடுமியான்மலை ஞானமணி. செந்தமிழன் ஏழாவது படிக்கிறப்ப வந்த கதை. அப்புறம் அந்த அச்சாபீஸ மூடுனப்ப, வரைஞ்ச தாளு பூராத்தையும் எடைக்குப் போட்டுட்டாங்க. மளிகைக் கடை, பழைய புத்தகக் கடைன்னு அங்கிட்டும் இங்கிட்டுமா செதறிப் போச்சு.

மொதப் பக்கம் அவருக்குக் கெடச்சதே ஒரு பிள்ளையார் படத்துக்குப் பின்னாடிதான். ரிப்பேருக்கு வந்த பிரேம். முதுகுப் பலகைய எடுத்தா உள்ள படம் நெளியாம இருக்க ஒரு தாள் வச்சிருந்தாங்க. பாத்தா நம்ம கதையோட நாயகன் சங்கிலி கத்தியோட நிக்கிறான். அன்னைலேருந்து கடைக்கு வர்ற ஒவ்வொரு பழைய பிரேமோட முதுகையும் பிரிச்சுப் பாக்காம விட மாட்டாரு. இருபத்தஞ்சு வருசத்துல ஒண்ணே ஒண்ணத்தான் பிரிக்காம விட்டாரு. அதுலதான் வந்துச்சு வெனை.

ரெண்டாயிரத்து ஒம்போதுல மீமிசல்லேருந்து ஒருத்தரு வந்தாரு. ஜமால் முகமது. துபாய்ல ஏசி மெக்கானிக்கா இருந்துட்டு ஊருக்குத் திரும்பி, மீன் எறங்குற எடத்துல ஐஸ் கம்பெனி வச்சிருந்தாரு. பைக்குள்ளேருந்து ஒரு படத்த எடுத்து மேசைல வச்சாரு. 'பாறைத்தீவுப் பூட்டு', இருபத்தி நாலாம் பக்கம். பொயல்ல சங்கிலியோட படகு செங்குத்தா நிக்கிற படம்.

யாரோ ஒரு புள்ள ஆசையா அத கேலண்டர் அட்டைல ஒட்டி செவுத்துல மாட்டியிருக்கும் போல. முதுகுல முருகன் சிரிச்சுக்கிட்டு இருந்தாரு.

"இந்த அட்டைய எடுத்துட்டுப் போடலாமா?"ன்னு கேட்டாரு பாய்.

"வேணாங்க. பிரிச்சா கிழிஞ்சிரும். நான் தொழில்காரன் சொல்றேன், அட்டையோடயே இருக்கட்டும்."

அன்னைக்கு வெலைக்குக் கேட்டுப் பாத்தாரு, பாய் தரல. பாய் இவருகிட்ட இருந்தத வெலைக்குக் கேட்டாரு, இவரும் தரல. அப்படித்தான் ரெண்டு பேரும் சிநேகிதமானாங்க. அதுக்கப்புறம் மதுரை, திருச்சி, காரைக்குடின்னு சேந்தே அலைஞ்சாங்க. கெடச்சா ஒருத்தர ஒருத்தர் மொறைச்சுக்குவாங்க. கடைசில இவருகிட்ட பதினெட்டுப் பக்கம், பாய்கிட்ட பதிமூணு. ஆக முப்பத்தொண்ணு. பதினேழாம் பக்கத்த மட்டும் காணோம்.

அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டு டீக்கடைல வச்சுத்தான் பந்தயம் கட்டுனாங்க. பதினேழு யாரு கைக்கு வருதோ, அவருக்கு மத்தவரு தன்கிட்ட இருக்க பக்கம் பூராத்தையும் குடுத்துரணும். கையடிச்சுப் பேசுனது. அதுலேருந்து ஞாயித்துக்கெழமயானா பாய் போன் அடிப்பாரு.

"மாப்ள, என் பதினெட்டுப் பக்கமும் பத்தரமா இருக்கா?"

"ஒங்க பதிமூண உப்புக்காத்து தின்றாமப் பாத்துக்கங்க பாய். எனக்கு வரவேண்டியது."

பத்துப் பன்னெண்டு வருசம் இப்படியே ஓடிருச்சு.

போன மாசம் செந்தமிழன் குடுமியான்மலைக்குப் போனாரு. ஓவியர் ஞானமணி தவறிப்போயி ரொம்ப நாளாச்சு. அவரு சம்சாரம் அழகம்மாள் மட்டும் இருக்காங்க. ஓவியர் போட்டோ பிரேம கரையான் அரிச்சிருச்சுன்னு சொன்னாங்க, புதுசு போட்டு எடுத்துட்டுப் போனாரு. மாட்டிக் குடுத்துட்டு, எப்பவும் கேக்குறதக் கேட்டாரு.

"அம்மா, அந்தப் பதினேழாம் பக்கம் பரண்ல எங்குட்டும்..."

"ஒனக்கு இன்னும் அந்தக் கிறுக்கு போகலையாப்பா. அப்படி அதுல என்னதான் இருக்கும்?"

"சங்கிலி கெணத்துக்குள்ள கெடப்பான்மா. அண்ணாந்து பாப்பான். வட்டமா வானம் தெரியும். மேலேருந்து வில்லன் எட்டிப் பாப்பான்."

"அட, கெணத்துப் படமா. அது நம்ம கொல்லக் கெணறுதான். அவரு பாதிக் கெணத்துல எறங்கி நின்னுக்கிட்டு, என்னைய மேலேருந்து எட்டிப் பாக்கச் சொல்லி வரைஞ்சாரு. அந்த வில்லன் நான்தான். மீசைய மட்டும் அவரா வச்சுக்கிட்டாரு."

செந்தமிழன் சிரிச்சாரு. அந்தம்மா விடாம சொல்லிக்கிட்டே போனாங்க.

"அது தனித் தாளு இல்லையேப்பா. படகுப் படம் வரையிறப்ப நல்ல அடமழை. தாளு தீந்து போச்சு, டவுனுக்கு பஸ்ஸும் இல்ல. கெணத்துப் படத்த எடுத்துத் திருப்பி, அதோட முதுகுலயே படக வரைஞ்சு அனுப்புனாரு."

படகுப் படம்னா பாய் வீட்டுல மாட்டியிருக்க இருபத்தி நாலாம் பக்கமாச்சே. "இத ஏம்மா இத்தன வருசமா சொல்லல?"

"நீ என்னைக்குக் கெணறுன்னு கேட்ட? வர்றப்பல்லாம் பதினேழு பதினேழுன்ன. நானா அதுக்கு நம்பர் போட்டேன்?"

வீட்டுக்கு வந்து சம்சாரம் சொர்ணவல்லிகிட்ட விசயத்தச் சொன்னாரு. சொல்லிட்டுத் திட்டத்தையும் சொன்னாரு. இவருகிட்ட இருக்க அஞ்சாம் பக்கம், சங்கிலி தீவுல கால் வைக்கிற படம், அது மேல பாய்க்கு ஒரு கண்ணு. அதக் குடுத்து இருபத்தி நால மாத்திக்கிட்டா, பதினேழும் தானா வந்துரும். அப்புறம் பந்தயப்படி பாய்கிட்ட இருக்கது பூராவும் இவருக்குத்தான்.

"ஒங்களால முடியாது"ன்னுச்சு சொர்ணவல்லி. "பொய் சொன்னா ஒங்களுக்குக் காது செவந்துரும்."

"பொய் எங்க சொல்றேன். மாத்திக்கத்தானே கேக்கப் போறேன்."

"கண்ணாடியப் போயிப் பாருங்க. இப்பவே செவந்துருச்சு."

மறுநாள் காலைல அஞ்சாம் பக்கத்த எடுத்துக்கிட்டு பஸ் ஏறுனாரு. அறந்தாங்கில எறங்கி மாறி, மீமிசலுக்குப் போயிச் சேர பதினோரு மணி.

"என்ன மாப்ள, காதெல்லாம் செவந்து கெடக்கு?"ன்னாரு பாய்.

"வெயிலு."

அஞ்சாம் பக்கத்த நீட்டி, இருபத்தி நாலுக்கு மாத்திக்கலாமான்னு கேட்டாரு. பாய் யோசிக்கவே இல்ல. "அதுக்கென்ன, எடுத்துக்க"ன்னு ஸ்டூல் போட்டு ஏறுனாரு. அந்தப் பிரேமுக்குச் சின்னதா ஒரு துணித் தெர அவரு சம்சாரம் தச்சுப் போட்டிருந்தாங்க, உப்புக்காத்து படாம. அத வெலக்கிட்டுப் படத்த எறக்கி, தோள்ல கெடந்த துண்டால கண்ணாடியத் தொடச்சாரு.

"நூர்நிஷா தச்ச தெர. இதையும் சேத்துக் கொண்டு போ. நீ அன்னைக்கு அட்டையப் பிரிக்காதீங்கன்னு சொன்னது நல்லதாப் போச்சு மாப்ள. பிரிச்சிருந்தா நைஞ்சு போயிருக்கும். இதப் பாக்குறப்பல்லாம் ஒன்னத்தான் நெனச்சுக்குவேன்."

செந்தமிழன் பிரேமக் கைல வாங்குனாரு. வாசல் வரைக்கும் போனாரு. செருப்புல ஒரு கால நொழச்சாரு. இன்னொரு கால் நொழையல. அப்படியே திரும்பி வந்து பிரேமச் சோபா மேல வச்சாரு.

"பாய், இதுக்குப் பின்னாடிதான் பதினேழு இருக்கு."

"எதுக்குப் பின்னாடி?"

"இதுக்குத்தான். தாளோட முதுகுல, அட்டையோட ஒட்டுன பக்கம். அழகம்மாள் அம்மா சொன்னாங்க. நான் ஒங்கள ஏமாத்த வந்தேன்."

பாய் அஞ்சாம் பக்கத்த எடுத்து செந்தமிழன் கைல குடுத்தாரு. "இத நீயே வச்சுக்க. பதினேழு என் கைலதானே இருந்திருக்கு, பந்தயம் எனக்குத்தான். அடுத்த ஞாயித்துக்கெழம ஒங்கிட்ட மிச்சம் இருக்க பதினேழு தாளோட சேத்து எடுத்துட்டு வரணும்ல." அப்புறமா உள்ள திரும்பிக் குரல் குடுத்தாரு. "நூரு, இட்லிப் பானைல தண்ணி வையி."

"பதினோரு மணிக்கு யாருங்க இட்லி சாப்பிடுறது?"ன்னாங்க நூர்நிஷா.

"மாப்ளையோட பாவத்த வேக வைக்கணும்."

மைதாப் பசை ஆவிக்கு எளகும். அதுதான் விசயம். செந்தமிழன் பிரேமக் கழட்டி, கேலண்டர் அட்டைய ஆவிக்கு மேல காட்டுனாரு. அவரு கைதான் ஆடும்னு பாத்தா, பாய் கை ஆடுது. மூலைல தாளு கொஞ்சம் எழும்புச்சு. அட்டைய மீன் வெட்டுற பலகைல கெடத்தி, மாவு சுரண்டுற மெல்லிசான தகட நடுவுல விட்டு, மூச்ச அடக்கிக்கிட்டு, செந்தமிழன் வெரக்கட வெரக்கடயா நெம்புனாரு. ஒரு மணி நேரம் ஆச்சு. நூர்நிஷா ரெண்டு தடவ தண்ணி ஊத்துனாங்க.

முருகன் தனியா வந்தாரு. தாளத் திருப்புனாங்க.

பசை திட்டுத் திட்டா மஞ்சளாப் படிஞ்சிருந்துச்சு. ஆனா மை ஒரு எடத்துலயும் கலங்கல. இருட்டுக் கெணறு. அண்ணாந்த சங்கிலி. மேல வட்டமா வானம், அதுல ஒரு பெரிய மீச எட்டிப் பாக்குது.

நாப்பது வருசத்துக்கு முந்தி பள்ளிக்கூடத்துப் பையிலேருந்து எடுத்துப் பாத்த அதே படம். செந்தமிழன் கண்ணத் தொடச்சுக்கிட்டாரு. "ஆவி"ன்னாரு. பாயும் தொடச்சுக்கிட்டு, "ஆமா, ஆவிதான்"னாரு.

அடுத்த ஞாயித்துக்கெழம செந்தமிழன் சொன்ன சொல்லுப்படி பதினெட்டுப் பக்கத்தையும் எடுத்துக்கிட்டுக் கெளம்புனாரு. "குடுத்துட்டு வந்து மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கக்கூடாது"ன்னு சொல்லித்தான் சொர்ணவல்லி அனுப்புச்சு. கார் வச்சு குடுமியான்மலை போயி அழகம்மாளையும் ஏத்திக்கிட்டாரு.

பாய் வீட்டு ஹால்ல சோபாவெல்லாம் வெளிய தூக்கிப் போட்டு, தரைல துணி விரிச்சு, பக்கத்த வரிசையா அடுக்குனாங்க. பக்கம் முப்பத்திரண்டு, தாளு முப்பத்தொண்ணு. இருபத்தி நாலாம் எடம் மட்டும் காலி. ரெண்டு பேரும் முட்டி போட்டுக்கிட்டு ஒண்ணாம் பக்கத்துலேருந்து படிச்சுக்கிட்டே நகந்தாங்க. பதினேழுக்கு வந்ததும் அழகம்மாள் குனிஞ்சு பாத்தாங்க.

"மீசைய கொஞ்சம் பெருசாத்தான் வச்சுட்டாரு"ன்னாங்க. அப்புறம் அந்த மீசைய வெரலால ஒரு தடவ தொட்டுப் பாத்தாங்க.

இருபத்தி மூணு முடிஞ்சதும் செந்தமிழன் எந்திரிச்சுப் போயி, பதினேழ எடுத்துத் திருப்பி, காலி எடத்துல வச்சாரு. படகு பொயல்ல நின்னுச்சு. முப்பத்திரண்டு முடிஞ்சப்ப ரெண்டு பேருக்கும் முட்டி வலி. அவ்வளவு பக்கத்தையும் குடுத்துட்டமேன்னு வருத்தம் வரும்னுதான் செந்தமிழன் நெனச்சிருந்தாரு. வரவே இல்ல. எங்க தேடியும் இல்ல.

மட்டன் பிரியாணி சாப்பிட்டுக் கை கழுவுனதும் பாய் பக்கத்தையெல்லாம் கட்டா அடுக்கி, செந்தமிழன் கைல குடுத்தாரு.

"என்ன பாய் இது, ஒங்களுக்கு வந்தது."

"என்னோடதுதான். ஆனா முப்பத்தொண்ணுக்கும் பிரேம் போடணும்ல. கெணத்துப் படத்துக்கு ரெண்டு பக்கமும் கண்ணாடி. ஒங் கடையத் தவிர நான் வேற எங்க போடுவேன்? எத்தன நாளாகும்?"

செந்தமிழன் கட்டப் பாத்தாரு, பாயப் பாத்தாரு. "வேலை நெறையக் கெடக்கு பாய். மூணு வருசம் ஆகும்."

"ஆகட்டும். எம் பேரன் கல்யாணத்துக்குள்ள குடுத்துரு."

"ஒங்களுக்குப் பேரன் இருக்கானா?"

"மவன் ஷாநவாஸுக்கே இன்னும் பொண்ணு பாக்கல"ன்னாரு பாய்.