ஒன்று கிடைத்தால் போதும்

பேதி மருந்து கலந்த தண்ணீரில் மூன்றாவது குவளையைத் தன்னால் தாண்ட முடியாது என்று சொல்ல நாத்தனார் ஆறாவது முறையாகப் போன் செய்தபோது, நர்ஸ் பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

“இது என்னம்மா மருந்தா, சோப்புத் தண்ணியா? மனுஷி குடிப்பாளா இதை?”

“குடிச்சுதான் ஆகணும் அண்ணி. குடல் சுத்தமா இல்லன்னா உள்ள ஒண்ணும் தெரியாது.”

“நீ சுலபமா சொல்லிட்ட. ஓடி ஓடி என் கால் ரெண்டும் தேஞ்சு போச்சு.”

அந்தத் தண்ணீரை நர்ஸே வீட்டில் காய்ச்சி அனுப்பியதுபோல நாத்தனார் பேசினாள். கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில், துணி காயும்போது மழை வந்ததற்குக்கூட நர்ஸ் பதில் சொல்லியிருக்கிறாள். எரிச்சல் அதனால் இல்லை. மறுநாள் காலை அண்ணியின் குடலைச் சோதிக்கக் குழாயைப் பிடிக்கப்போவது பெரிய டாக்டர் என்பதுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது.

மாமனார் பெருங்குடல் புற்றுநோயில் போனவர். கண்டுபிடித்தபோது அது ஈரல்வரை பரவியிருந்தது. நாத்தனாருக்கு ஐம்பத்திரண்டு வயது. ஒரு மாதமாக மலத்தில் ரத்தம். கொலனோஸ்கோப்பிக்கு அவளைச் சம்மதிக்க வைக்கவே மூன்று வாரம் பிடித்தது. சம்மதித்த கையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவள், காத்திருக்கும் ஹாலில் மாட்டியிருந்த அட்டவணையைப் பார்த்துத் தொலைத்தாள்.

மாதா மாதம் அதைத் தயாரிப்பது நர்ஸ்தான். குடலின் உள்சுவரில் பாலிப் என்னும் சின்னச் சதைமொட்டுகள் முளைக்கும். அவற்றில் சில, பல வருஷங்கள் கழித்துப் புற்றாக மாறும். நூறு பேரைச் சோதித்தால் எத்தனை பேரிடம் ஒரு பாலிப்பாவது கண்டுபிடிக்கிறார் என்பதுதான் ஒரு டாக்டரின் எண். போன வருஷம் பெரிய டாக்டரின் எண் பதினெட்டு. கடைசி இடம். எட்டு மாதத்துக்கு முன்பு அட்டவணை ஹாலுக்கு வந்தது. அதன்பின் அவர் நாற்பத்துநாலுக்கு ஏறி முதலிடத்தில் உட்கார்ந்துவிட்டார். பொய்க் கணக்கு இல்லை. முதல் பாலிப் கிடைக்கும்வரை கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தேடுவார். கிடைத்ததும் தேடுவதை விட்டுவிடுவார். அட்டவணைக்கு ஒன்றும் ஒன்றுதான், நான்கும் ஒன்றுதான். இரண்டாம் இடத்தில் இருந்த சின்ன டாக்டரம்மா ஒரே ஆளிடம் மூன்று, நான்கு என்று எடுப்பாள். அதை எழுத அட்டவணையில் கட்டமே இல்லை.

மேனேஜரிடம் நர்ஸ் சொல்லிப் பார்த்தாள். “மொத்தம் எத்தனை எடுத்தாங்கன்னும் ஒரு கட்டம் போடலாம் சார்.”

“ஒரு நம்பர் போதும்மா. ரெண்டு போட்டா ஜனங்க குழம்பிடுவாங்க.”

நாத்தனார் குழம்பவே இல்லை. இப்போது போனிலும் அதையேதான் சொன்னாள். “முதல் ஆளு இருக்கும்போது நான் ஏன் ரெண்டாவது ஆளுகிட்ட போகணும்? உனக்கு அவரைப் பிடிக்காதுன்னா அது உன் பிரச்சினை.”

“அந்த நம்பரை எழுதினதே நான்தான் அண்ணி. நான் சொல்றேன், கேளுங்க.”

“எழுதினவளே நம்பாத நம்பரை ஏம்மா செவுத்துல மாட்டி வச்சிருக்கீங்க?”

நர்ஸ் போனை அணைத்துப் பையில் போட்டாள். பஸ்ஸிலிருந்து இறங்கி வீடு வரை நடந்தபோதும் அந்தக் கேள்வி கூடவே வந்தது.

காலையில் அறைக்குள் பெரிய டாக்டர் வழக்கம்போல் கலகலப்பாக இருந்தார். கை பஞ்சு மாதிரி என்று நோயாளிகள் சொல்வது உண்மை. மயக்க ஊசியில் நாத்தனார் இடப்பக்கமாகச் சாய்ந்து அரைத்தூக்கத்தில் கிடந்தாள். பதினேழு வருஷத்தில் முதல்முறையாக வாயை மூடியிருந்தாள். குழாய் பெருங்குடலின் கடைசி முனையைத் தொட்டதும் நர்ஸ் கடிகாரப் பொத்தானை அழுத்தினாள். தேடுவதெல்லாம் இனிமேல், குழாயை மெல்ல வெளியே இழுக்கும்போதுதான். குறைந்தது ஆறு நிமிஷமாவது பார்க்க வேண்டும் என்பது விதி.

இரண்டாவது நிமிஷத்தில் திரையில் மிளகளவு ஒரு மொட்டு தெரிந்தது. டாக்டர் கம்பிச் சுருக்கைப் போட்டு அழகாக அறுத்தெடுத்தார்.

“கிடைச்சாச்சு,” என்றார். அவர் தோள்கள் தளர்ந்தன. எட்டு மாதமாக நர்ஸ் பார்த்துவரும் தளர்வு அது. அதன்பிறகு குடலின் மடிப்புகள், நிற்காத ரயிலிலிருந்து பார்க்கும் சின்ன ஸ்டேஷன்களைப் போல, திரையில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி மறைந்தன.

“டாக்டர், அந்த வளைவுல ஒரு மடிப்பு. அதுக்குப் பின்னால பாக்கல.”

“ஒண்ணு எடுத்தாச்சே சிஸ்டர்.”

“ஒண்ணுதான் எடுத்திருக்கு.”

அவர் சிரித்தார். “உங்க அட்டவணைக்கு அது போதுமே.”

“அட்டவணைக்குப் போதும் டாக்டர். இது எங்க அண்ணி.”

சிரிப்பு நின்றது. “வெளியில பன்னெண்டு பேரு வயித்தைக் கழுவிட்டு உட்கார்ந்திருக்காங்க, தெரியுமில்ல?”

தெரியும். அந்தப் பன்னிரண்டு பேரும் யாருக்கோ அண்ணியாக, அண்ணனாக, அப்பாவாக இருப்பார்கள் என்பதும் தெரியும். எட்டு மாதமாக இதே இடத்தில் நின்று, இதே தோள்கள் தளர்வதைப் பார்த்து, குழாய் வெளியே வந்ததும் வாய் திறக்காமல் பொத்தானை அழுத்தியவள் அவள்தான். நேரத்தைக் குறித்தாள், எண்ணைக் கூட்டினாள், ஹாலில் மாட்டினாள். அவர்மேல் இருந்த எரிச்சல் சட்டென்று தன்மேலேயே திரும்பியது.

“ஏம்மா...” நாத்தனார் குழறினாள். அவள் கை துழாவி நர்ஸின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டது. “முடிஞ்சுதா?”

நர்ஸ் டாக்டரைப் பார்த்தபடியே சொன்னாள். “இல்ல அண்ணி. இன்னும் பாக்கறாங்க.”

கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் அவளையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கிப் பெருமூச்சு விட்டார். பிறகு குழாயைத் திரும்ப உள்ளே செலுத்தினார். கடந்துபோன மடிப்புகள் திரையில் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. வளைவில் குழாயின் வெளிச்சம் நின்றது. அதன் முனை அந்த மடிப்பின் ஈரமான ஓரத்தைத் தொட்டு, மெல்ல அழுத்தி, விலக்கத் தொடங்கியது.