பத்தியச் சீட்டு

நாடி பார்ப்பது அந்தப் பெண்ணுக்கு. பதில் சொல்வது அவளுடைய மேலாளர். இடது மணிக்கட்டில் விரல் வைத்து, "தூக்கம் எப்படிம்மா?" என்று கேட்டால், "நல்லாத் தூங்குவா டாக்டர், சின்ன வயசுதானே" என்கிறார்.

"நான் உங்க கையப் பிடிக்கல சார்," என்றேன்.

அவருடைய அலுவலகத்தில் புகார் அழைப்புகளை எடுப்பது அவள் வேலை. "எந்நேரமும் காதுல போன் அடிக்குதுக்கா. சாமி கும்பிடக் கண்ண மூடினாலும் அடிக்குது. இப்பல்லாம் கும்பிடறதே இல்ல." பசியும் விட்டுப்போய் மூன்று மாதமாம். அழுதாள்.

"நெத்தியில எண்ணெய் ஊத்துவீங்களாமே, ஊத்தித் திங்கக்கிழமைக்குள்ள அனுப்பிடுங்க. எங்க ஆபீஸ்ல இன்னும் முப்பது பேர் இருக்காங்க," என்றார் மேலாளர். வைத்தியசாலையின் முதலாளியான என் சித்தப்பா வாசலில் நின்று பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டினார்.

அவளுக்குப் பசி திரும்பாமல் நான் எண்ணெயைத் தொடமாட்டேன். மருந்து என்று ஒரு கஷாயம் எழுதினேன். மற்றதெல்லாம் பத்தியம். இரவு எட்டுக்கு மேல் அழைப்பு எடுக்கக் கூடாது. மதியம் மேசையை விட்டு எழுந்துபோய்ச் சாப்பிட வேண்டும். காலையில் அரைமணி நேரம் யாருக்கும் பதில் சொல்லக் கூடாது.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பத்தியத்தைக் காப்பாற்ற வேண்டியவர்தான் சீட்டில் கையெழுத்துப் போடவேண்டும். குழந்தைக்கு அம்மா போடுவாள். சீட்டை மேலாளர் பக்கம் தள்ளினேன்.

"நானா? எனக்கென்ன நோய்?"

"நோய் அவளுக்கு. பத்தியம் உங்களுக்கு."

சித்தப்பா உள்ளே பாய்ந்து வந்தார். "அதக் கிழிச்சுப் போட்டுட்டு எண்ணெயச் சூடு பண்ணு. இல்லன்னா நாளைக்கு நீ இங்க வராத!"

"வரல சித்தப்பா. சீட்டுப் புத்தகத்த மட்டும் எடுத்துக்கறேன். இன்னும் முப்பது பேருக்கு எழுதணுமே."

பதினோரு வருஷம் உட்கார்ந்த நாற்காலியை விட்டு எழுந்தேன்.

அப்போது அந்தப் பெண்ணின் போன் அடித்தது. "எடு," என்றார் மேலாளர். அவள் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். போனை அணைத்து அவர் மடியில் வைத்தாள். சீட்டை இழுத்து, அவர் போடவேண்டிய இடத்தில் தன் பெயரை எழுதினாள்.

இருவரும் தெருவுக்கு வந்தோம். இரண்டு பேருக்கும் வேலை இல்லை. முனை வரை நடந்தவள் நின்றாள்.

"அக்கா, பசிக்குது."