முன்னால் என்ன நடந்தது?

அந்த நோட்டைப் பள்ளிக்குள் கொண்டுவந்தவளே நான்தான். அதனால் வேறு யாரையும் திட்ட வழியில்லை.

படிப்பில் திணறுகிற, வகுப்பில் அடங்காத பிள்ளைகளோடு உட்கார்ந்து, அவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடிப்பது என் வேலை. வாரத்துக்கு ஐந்து பள்ளி, நாளுக்கு ஒன்று. இந்தப் பள்ளிக்கு வியாழன். பிள்ளைகள் என்னை 'வியாழக்கிழமை டீச்சர்' என்பார்கள். மற்ற நாட்களில் நான் உயிரோடு இருப்பதையே அவர்கள் நம்புவதில்லை.

எனக்குக் கொடுத்த அறை பழைய சாமான் அறை. கால் போன பெஞ்சுகள், காற்றுப் போன பந்துகள், குடலும் இதயமும் தொலைந்துபோன ஒரு பிளாஸ்டிக் மனிதன். இருந்த ஒரு ஜன்னலையும் அலமாரி மறைத்திருந்தது. கதவுக்குத் தாழ்ப்பாள் வெளியே மட்டும்தான். மாற்றச் சொல்லி மூன்று முறை எழுதிக் கொடுத்து ஓய்ந்துபோனேன்.

சிட்டு அங்கேதான் என்னிடம் வருவாள். மூன்றாம் வகுப்பு. சிட்டு என்பது அவள் அம்மா கூப்பிடும் பெயர். ஆசிரியர் அறையில் அவளுக்கு 'வெடிகுண்டு' என்று பெயர். வகுப்பில் பென்சிலால் குத்துவாள், பக்கத்துப் பிள்ளையின் பையை வீசுவாள், மேசைக்கு அடியில் போய் நாய் மாதிரி குரைப்பாள். என்னிடம் வந்தால் சமர்த்தாக உட்கார்ந்து படம் வரைவாள். அவளை அடங்காமைக்காகத்தான் அனுப்பியிருந்தார்கள். முதலில் மனசு அமைதியாகட்டும், படிப்பை அப்புறம் சோதிக்கலாம் என்று நானும் தள்ளிப்போட்டிருந்தேன்.

நோட்டில் நான்கு கட்டம். நேரம், முன்னால் என்ன நடந்தது, என்ன செய்தாள், பின்னால் என்ன நடந்தது. எந்தப் பிள்ளையும் சும்மா வெடிப்பதில்லை, இரண்டாவது கட்டத்தில்தான் காரணம் கிடைக்கும் என்று பயிற்சி வகுப்புகளில் வாய் கிழியப் பேசுகிறவள் நான். வகுப்பாசிரியை எழுத வேண்டும். வியாழன்தோறும் நான் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குக் கீழே அம்மா.

நான்கு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார். போனால், சிரித்தார். அவர் சிரித்தால் எனக்கு ஏதோ வைத்திருக்கிறார் என்று அர்த்தம். வகுப்பாசிரியை இருந்தார். சிட்டுவின் அம்மா, வேலை செய்யும் தையல் ஆலையின் சீருடையோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். மேசையில் நோட்டும், தட்டச்சடித்த ஒரு கடிதமும். இக்குழந்தையைத் தகுந்த வேறு பள்ளிக்கு மாற்றப் பரிந்துரைக்கிறேன் என்று இருந்தது. கீழே என் பெயர் போட்டு, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். அப்படி ஒரு தகுந்த பள்ளி இந்த ஊரில் கிடையாது. அங்கே இருந்த நாலு பேரில் மூன்று பேருக்கு அது தெரியும்.

"சும்மா சொல்லலம்மா," என்றார் தலைமையாசிரியை அம்மாவிடம். "நாலு மாசத்துல இருபத்தேழு தடவை. எல்லாம் எழுத்துல இருக்கு. மேடம் சொன்ன மாதிரியே எழுதினோம். மேடமே கையெழுத்தும் போட்டிருக்காங்க."

அம்மா என்னைப் பார்த்தார். "நானும்தான் போட்டிருக்கேன். எனக்கு இதெல்லாம் என்னங்க தெரியும்? மேல உங்க கையெழுத்து இருந்துச்சு. அதான் கீழ போட்டேன்."

அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். கொஞ்ச நேரம் தள்ளிப்போடத்தான் நோட்டைப் புரட்டினேன். மூன்றாவது கட்டம் நிரம்பி வழிந்தது. இரண்டாவது கட்டத்தில் முதல் நாள் 'ஒன்றுமில்லை' என்று எழுதி, அதன் பிறகு மேற்படிக் குறிதான். பக்கம் பக்கமாக, இருபத்தாறு மேற்படி. ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே, பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் கிறுக்கிய என் கையெழுத்து.

முதல் கட்டத்தை அன்றுதான் ஒழுங்காகப் பார்த்தேன். பதினொன்று பத்து. பதினொன்று ஐந்து. பதினொன்று பதினைந்து.

"பதினோரு மணிக்கு என்ன பாடம், டீச்சர்?"

"வாசிப்பு," என்றார் வகுப்பாசிரியை. "வரிசையா ஒவ்வொருத்தரா எழுந்து சத்தமா படிப்பாங்க."

"சிட்டு படிச்சுக் கேட்டிருக்கீங்களா?"

"எழுத்தெல்லாம் முத்து முத்தா இருக்கும் மேடம். போர்டப் பாத்து அப்படியே எழுதிடுவா."

"படிச்சு?"

"எங்க, அவ முறை வர்றதுக்குள்ளதான் ஏதாவது பண்ணி வெளிய போயிடுவாளே..."

சொல்லி முடிக்கும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. நாற்பத்து மூன்று பிள்ளைகளை மேய்க்கிற மனுஷி. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இருந்த கோபம் எல்லாம் என் மேல்தான்.

தலைமையாசிரியை சிரிப்பதை நிறுத்தினார். "அப்ப இவ்ளோ நாளா எதைப் பாத்து கையெழுத்துப் போட்டீங்க?"

அவர் கடிதத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"நோட்டு சரின்னா இந்த லெட்டர்ல போடுங்க. சரியில்லைன்னா அதையும் எழுத்துல குடுங்க. உங்க ஆபீசுக்கு அனுப்பி வைக்கிறேன். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க மேடம்."

கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் சிட்டுவுக்குப் பள்ளி இல்லை. எழுதிக் கொடுத்தால் எனக்கு வேலை இல்லை. நான் போய்விட்டால் அவளுக்கு எழுத்துச் சொல்லித்தர இந்தக் கட்டிடத்தில் ஆள் கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டிக்கொண்டேன். தாழ்வாரத்தின் கோடியிலிருந்து சத்தம் வந்தது. சிட்டுவை என் அறையில் விட்டு யாரோ தாழ்ப்பாள் போட்டிருக்கிறார்கள். அவள் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

பேனாவை எடுத்தேன். நோட்டின் பதினாறு பக்கத்திலும் என் கையெழுத்துக்குப் பக்கத்தில் எழுதினேன்: 'படிக்காமல் போட்ட கையெழுத்து.' முடித்ததும் தலைமையாசிரியை கடிதத்தைக் கிழிக்கவில்லை. மடித்து டிராயரில் வைத்துக்கொண்டார்.

"இப்போதைக்கு இருக்கட்டும்," என்றார்.

சிட்டுவின் அம்மா என் பின்னாலேயே தாழ்வாரத்துக்கு வந்தார். என்ன நடந்தது என்று அவருக்குப் பாதிதான் புரிந்திருந்தது. நல்ல பாதி. முகம் மலர்ந்திருந்தது.

"ரொம்ப நன்றிங்க. அடுத்த வியாழக்கிழமையிலேருந்து எழுத்து சொல்லிக் குடுப்பீங்கல்ல?"

அந்த நோட்டு ஆபீசுக்குப் போனால் அடுத்த வியாழக்கிழமை நான் வருவேனா என்றே தெரியாது. தாழ்ப்பாளை நீக்கினேன். பிளாஸ்டிக் மனிதனை நெஞ்சோடு அணைத்தபடி சிட்டு நின்றிருந்தாள்.

மணி அடிக்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு பெஞ்சை முட்டுக் கொடுத்துவிட்டு, சிலேட்டை எடுத்து 'அ' என்று எழுதி அவள் கையில் கொடுத்தேன். உடனே பக்கத்தில் அதைவிட அழகாக ஒன்று எழுதிக் காட்டினாள்.

"இதுக்குப் பேர் என்ன?"

அவள் கண் கதவுப் பக்கம் போனது. கை சிலேட்டுப் பென்சிலை இறுக்கியது. நான் மெதுவாக அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு எழுத்தின் பெயரைச் சொன்னேன். அவளும் சொன்னாள். அடுத்தது எழுதினேன்.

ஆறாவது எழுத்தில் மணி அடித்துவிட்டது.